பார்வை 2

மறுப்பை முதல் பத்தியில் வைக்கக் கூடாது.
பணம் கேட்பதானால் மூன்றாம் வரிக்குள் கேட்டுவிட வேண்டும்.
இதெல்லாம் எனக்கு யாரும் சொன்னதில்லை.
ஆம்பூர் பைபாஸ் ஓரம், மாடியில்,
தோல் வாசனை ஏறாத ஒரே அறையில்
பதினோரு வருடம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

பாக்கி வைத்திருக்கும் கான்பூர்க்காரருக்கு
முதல் மாதம் 'நினைவூட்ட விழைகிறோம்'.
அடுத்த மாதம் 'வருந்துகிறோம்'.
அதற்கும் அடுத்து வருத்தமெல்லாம் கிடையாது,
தொகையும் தேதியும் மட்டும்.
கெமிக்கல் டிரம் ஒழுகியதென்று ராணிப்பேட்டைக்கு எழுதினால்
கோபத்தை எடுத்துவிட்டு லாட் நம்பரைப் போடுவேன்.
கோபத்துக்கு யாரும் கிரெடிட் நோட் அனுப்புவதில்லை.

செப்டம்பரில் ஹாம்பர்க்கிலிருந்து
அறுநூறு ஜோடி திரும்பி வந்தது.
குதிகாலோரம் தையல் விட்டிருந்தது.
மன்னிப்புக் கடிதம், இங்கிலீஷில், ஒரே பக்கம்.
'மனிதப் பிழை' என்று எழுதினேன்.
நல்ல சொல்.
யார் பெயரும் இல்லாமல் எல்லார் மேலும் விழும்.

மறுநாள் பெயர் கேட்டார்கள்.
லைன் நான்கு, மெஷின் பதினேழு, வேண்டா.
'ம்' விட்டுப்போயிருக்கிறதே என்று
பேனாவை எடுத்தார் முதஸ்ஸிர் சார்.
இல்லை சார், அவ்வளவுதான் பெயர்.
நாலாவதும் பெண்ணாகப் பிறந்தால்
எங்கள் மேல்பட்டிப் பக்கம் வைப்பார்கள்.

பொருள்: பணியில் கவனக்குறைவு, விளக்கம் கோருதல்.
மூன்று நாட்களுக்குள். தவறினால்.
நான் எழுதியதிலேயே கச்சிதமான மெமோ.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்
பச்சகுப்பம் பாலம் ஏறும்போது
பக்கத்து சீட்டிலிருந்து அதே காகிதம் நீண்டது,
நாலாய் மடித்து, டிபன் பாக்ஸ் எண்ணெய் பட்டு.
"இன்னாக்கா எழுதிக்கீறாங்க இதுல?
நீதான் ஆபீஸ்ல கீற, பதில் ஒண்ணு எழுதிக் குடு."
கீழே ஆறு இருக்க வேண்டிய இடத்தில்
மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.
நான் எழுதியதை நானே அவளுக்குப் படித்தேன்.
'கவனக்குறைவு' வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.
"நூலு அறுந்துகினே இருந்துச்சுக்கா.
சித்திரைக்கு அப்புறம் வந்த கோன் எல்லாமே அப்டித்தான்.
சூப்பர்வைசர்கிட்ட பத்து வாட்டி சொல்லிகீறேன்."

சித்திரை என்றால் ஏப்ரல்.
கிலோவுக்கு நாற்பது ரூபாய் குறைவென்று
வேறு கம்பெனி நூலுக்கு ஆர்டர் அடித்தது
இதே விரல்கள்தான்.
அனுப்புகைப் பதிவேட்டில் எண் 214.

ராத்திரி கரண்ட் போன பிறகு
செல்போன் வெளிச்சத்தில், கோடு போட்ட தாளில்.
முதலில் வந்தது கெஞ்சல். அடித்தேன்.
இரண்டு பிள்ளைகள், வாடகை, பெங்களூர் போனவன்
திரும்பாதது, ஒரு பத்தி நிறைய வந்தது.
அதையும் அடித்தேன்.
அது அவளுடையது, ஃபைலுக்குப் போக வேண்டியதில்லை.
நின்றது ஏழு வரி.
அதற்கு மேலே
பார்வை: 1) தங்கள் மெமோ, நாள் 9.9.
2) தங்கள் கடித எண் 214, நாள் 11.4, நூல் கொள்முதல்.

அந்த இரண்டில் பேனா கொஞ்ச நேரம் நின்றது.

காலையில் பஸ்ஸிலேயே, மடியில் வைத்து,
அவள் தன் கையெழுத்தில் பார்த்து எழுதினாள்.
'ல'வும் 'ள'வும் மாறிய இடங்களை நான் திருத்தவில்லை.

பதினொன்றரைக்கு அது என் மேஜைக்கே வந்தது.
வரவில் ஏற்றினேன். சீல் குத்தினேன்.
உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

சார் ஒரு முறை படித்தார்.
பழைய பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார்.
214-ஐ விரலால் தொட்டுப் பார்த்தார்.
"இந்த நம்பர் அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

பதிலை எந்தப் பத்தியில் வைப்பது
என்று யோசிப்பதற்குள்
"நான்தான் சார்" என்பது
முதல் வரியிலேயே வந்துவிட்டது.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார்.
"நோட்டை எடும்மா."

யாருக்கு சார் என்று கேட்பது வழக்கம்.
கேட்கவில்லை.
தேதியை மட்டும் எழுதிவிட்டுக் காத்திருந்தேன்.