எது எடுத்தாலும் ஐந்நூறு

ஐந்நூற்று இருபது யூரோ.
பள்ளிப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
பதினான்கு மாதமாக ஒதுக்கியது.
வாஷிங் மெஷின் தள்ளாடுகிறது என்றான் பிரீத்.
தள்ளாடட்டும் என்றேன்.

எனக்கு வேண்டியது ஒரே துப்பாக்கியில் இரண்டு குழல்:
மேலே பால்ரஸ், கீழே தோட்டா.
விடியலில் முயலோ புதர்க்கோழியோ,
அந்தியில் உருளைக்கிழங்கு வயலைக் கிண்டும் பன்றி.
எதிரே எது வரும் என்று தெரியாத,
இரண்டு துப்பாக்கிக்கு வழியும் இல்லாத ஒருத்தியை
எந்தத் தொழிற்சாலையிலோ யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

அன்ட்ஸ்லா தாண்டி மண்சாலையில் ஒன்பது கிலோமீட்டர்.
கைரேயின் சமையலறை மேசையில்
குழந்தையின் குளியல் துண்டை விரித்து
இரண்டை வைத்திருந்தாள்.
அவள் புருஷன் நார்வேக்கு மீன் வெட்டப் போனவன்
அங்கேயே வேறொரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டான்.
துப்பாக்கிகள் அவள் பெயருக்கு வந்தன.
காகிதங்கள் சரியாகத்தான் இருந்தன.
"எது எடுத்தாலும் ஐந்நூறு" என்றாள்,
சந்தையில் பிளாஸ்டிக் வாளி விற்பவள் மாதிரி.

முதலாவது ரஷ்யச் சரக்கு. மடக்கி,
ஜன்னலை நோக்கி உயர்த்திப் பார்த்தேன்.
கீழ்க்குழலின் மறுமுனையில் வானம்
தேய்த்துவைத்த சில்லறைக் காசு போல.
மேல்குழலில் அம்மைத் தழும்புகள்.
முன்கட்டையைக் கழற்றி உலுக்கினால்
கீலில் ஒரு கிளுக்.
ஒரு மயிரிழை ஆட்டம்தான்.
ஆனால் காதுள்ள எதற்கும் கேட்கும்.

இரண்டாவது ஜெர்மன். மூன்று குழல்.
பக்கத் தகட்டில் ஒரு நரி
செதுக்கியவனையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.
மூடினேன். சத்தமே இல்லை.
சத்தமில்லாத அந்த மூடலுக்கு
டார்ட்டு கடையில் இரண்டாயிரம் கொடுப்பார்கள்.
எனக்குத் தெரியும்.
அவளுக்குத் தெரியாது என்பதும் தெரியும்.

குளிர்பதனப் பெட்டியின் கதவில்
காந்தத்துக்கு அடியில் மின்கட்டண பில்,
முன்னூற்றுப் பதினொன்று, சிவப்பெழுத்து.
ஒற்றைக் காலுறையோடு ஒரு பையன் வந்து
ஜாம் எங்கே என்று கேட்டுவிட்டுப் போனான்.
நான் நரியின் காதைக்
கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது கோப்பை காபி வரை பேசவில்லை.
அதை மறைக்கப் போவதில்லை.

பிறகு சொன்னேன்:
"இதை டார்ட்டுவுக்கு எடுத்துப் போ.
இரண்டாயிரத்துக்குக் கீழே இறங்காதே."

நன்றி சொல்வாள் என்று நினைத்தேனா?
கோப்பையைக் கழுவுதொட்டியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.
"வந்ததுமே ஏன் சொல்லவில்லை?"

பதில் இல்லாததால் பேரம் பேசினேன்.
ரஷ்யனின் கீல் ஆடுகிறது, தழும்பு இருக்கிறது,
முந்நூற்று எண்பது தருகிறேன்.
"ஐந்நூறு" என்றாள்.
"விலை தெரிந்தவள்தானே நீ."

கொடுத்தேன்.
மிச்சம் இருபது. அதில் ஒரு பெட்டி பால்ரஸ் வாங்கலாம்.
கீழ்க்குழலுக்குத் தோட்டா
அடுத்த சம்பளத்தில்தான்.

அக்டோபர் கடைசியில், ஒரு சாயங்காலம்,
பனிமூட்டம் முழங்கால் வரை நிற்கும்போது
வயலோரம் பன்றி வந்தது.
தனிப் பன்றி. தோள் ஒரு கட்டிலளவு.
நாற்பதடி தூரம்.
என் மேல்குழலில் முயலுக்கான குண்டு,
கீழ்க்குழலில் காற்று.

பால்ரஸால் அதைச் சுட்டால்
காயத்தோடு ஓடி, மூன்று நாள் கழித்து
எந்தச் சேற்றிலோ சாகும்.
விரலை எடுத்துவிட்டேன்.
எடை மாறியதில் கீல் ஆடியது.

கிளுக்.

பன்றி தலையைத் தூக்கி
என் பக்கமாகக் காதைத் திருப்பியது.
கொஞ்ச நேரம் இருவரும்
அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றோம்.
பிறகு அது கிழங்குக்குக் குனிந்தது,
அவசரமே இல்லாமல்.

வீட்டுக்கு வந்தேன்.
வாஷிங் மெஷின்
சமையலறையின் பாதித் தூரம் நடந்து வந்திருந்தது.