ஏழு நாளைக்கு

தறிச் சத்தம் நின்று ஒன்பதாம் நாள்.
சோமனூர் ரோட்டில் கோழி குப்பையைக் கிளறுவது
ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டது.

சுண்ணாம்பு வட்டங்களில் நின்றார்கள்.
வெயில் ஏற, வட்டத்தில் செருப்பை விட்டுவிட்டு
வேப்ப மரத்தடியில் ஒட்டி உட்கார்ந்தார்கள்.
செருப்புகள் இடைவெளி காத்தன.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும்
ரெண்டு மாச மாத்திரையை ஒரேயடியாகக் கொடுத்துவிடு,
யாரும் திரும்பி வரக் கூடாது என்று உத்தரவு.
நல்ல உத்தரவுதான்.
நான் மருந்தாளுநர்; எண்ணிக் கொடுப்பவள்.

சீட்டுக்குச் சீட்டு
தலைவலி, படபடப்பு, பசியில்லை.
தூக்கம் வருதுங்களா என்றதற்கு
"தறி ஓடுனாத்தானுங் தூக்கம் வரும்" என்றார் ஒருத்தர்.
அதை எழுதச் சீட்டில் கட்டம் இல்லை.

கிட்டுச்சாமி வந்தார்.
எட்டுத் தறி, கூலி நெசவு, முகத்தில் மாஸ்குக்குத் துண்டு.
நாலு வருசமாய்ப் பட்டை பட்டையாக எண்ணி
"ஒண்ணு கொறையுதுங் அம்மிணி" என்று
வரிசையை நிறுத்திவைக்கிற மனுசர்.
அன்றைக்கு எண்ணவில்லை.
"மொத்தம் எத்தன வருமுங்?" என்று கேட்டார்.
ஒரிசாப் பையன்கள் நடந்தே போய்ட்டாங்க என்றார்.
எருமையை மச்சான் வீட்டில் கட்டியாச்சு என்றார்.
பீரோச் சாவியை மக கையில் கொடுத்துட்டேன் என்றார்.
இதெல்லாம் நான் கேட்கவே இல்லை.

பெட்டிக்குள் போன கை அங்கேயே நின்றது.
"ஏழு நாளைக்குத்தானுங் இருக்குது. ஸ்டாக் இல்லீங்ணா.
செவ்வாக்கெழமை வாங்க."
என் முதுகுக்குப் பின்னால்
அட்டைப் பெட்டிகள் ஜன்னலை மறைத்திருந்தன.
துண்டுக்கு மேலே அவர் கண்
அந்தப் பக்கம் போய்விட்டு வந்தது.

டாக்டரிடம் சொன்னேன்.
மனசுக்குப் பார்க்கிற டாக்டர் கோயம்புத்தூரிலிருந்து
வெள்ளிக்கிழமை போனில் பேசுவார், சிக்னல் இருந்தால்.
மகளைக் கூப்பிட்டோம்.
"எங்கப்பனுக்கா? பைத்தியம்ங்கிறீங்களா?"
வைத்துவிட்டாள்.
விளக்கு வைக்கும் நேரம் அவளே கூப்பிட்டு
ஒன்றும் பேசாமல் இருந்தாள்.

செவ்வாய் வந்தார், கடுங்கோபத்தில்.
"ஊருக்கெல்லாம் ரெண்டு மாசம்,
எனக்கு மட்டும் ஏழு நாளுங்களா?"
அந்தக் கோபத்தைப் பார்த்ததும்
தண்ணீர் குடித்ததுபோல் இருந்தது எனக்கு.

அடுத்த செவ்வாய்.
அதற்கடுத்த செவ்வாய்.
வெள்ளிக்கிழமை டாக்டர் எழுதிய மாத்திரை ஒன்றும் சேர்ந்தது;
அதையும் ஏழேழாகவே கொடுத்தேன்.
அப்புறம் ஒரு நாள், ஜன்னலிலேயே நின்று
பட்டையைப் பிரித்து எண்ணினார்.
"ஒண்ணு கொறையுதுங் அம்மிணி."
வாங்கிப் பார்த்தேன்.
நிஜமாகவே குறைந்திருந்தது.
நானும் சரியாகத் தூங்கி நாளாகிறது.

வைகாசிக் கடைசியில் ரெண்டு தறி ஓடின.
தூக்கம் எப்படிங்க?
"பாதி வருதுங்."
ஒட்டடை படிந்த பெட்டிகளை நிதானமாகப் பார்த்தார்.
"ஸ்டாக் வந்துருச்சாட்ட இருக்குதுங்."
வாய்க்குள் தேடியும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.
"ஏழு நாளைக்கே குடுங்.
செவ்வாக்கெழமைன்னா வந்து பழகிப்போச்சு."

இருப்புப் பதிவேடு இன்னும் நேராகவில்லை.
எண்ணினேன்.
அவரும் எண்ணினார்.