பிணத்துக்கு மூச்சு

பீடோரில் மழை. இரவு எட்டரை.
தீபாவளிச் சிறப்பு அத்தியாயம்.
துப்பறியும் தங்கப்பல்
மத்தாப்பை முகர்ந்து பார்த்து
மீசையைச் சுட்டுக்கொண்டார்.
சிரித்தோம்.

பலகாரக் கடைக்குப் பின்னால் பிணம்.
கேமரா குனிந்தது.
"ஐயோ, இது நம்ப குணாளன்!"
வாயில் அதிரசத்தோடு பவளக்கொடி.

மார்ச்சில்
சீட்டுப் பணத்தோடு காணாமல் போனவன்.
பதினோராயிரம் வெள்ளி.
பிணத்தின் வயிறு ஏறி இறங்கியது,
நன்றாகச் சாப்பிட்ட வயிறு.

கொலைகாரன் யாரென்று
ஒருவரும் கவனிக்கவில்லை.
வாழ்க்கையில் முதல்முறையாக
கடைசியில் ஓடும் எழுத்துகளை
எழுந்து நின்று படித்தோம்:
இடம் தந்து உதவியோர்,
சேது பலகாரக் கடை, ரவாங்.

செம்பனை லோரியைக் கிளப்பினார் சன்னாசி.
ஏறிய பவளக்கொடி இறங்கி ஓடி
முறுக்கு டின்னோடு வந்தாள்.
பெருநாளும் அதுவுமாய்
வெறுங்கையோடா போவது?