சத்தம்

நான்கு வருடம்
ஒருவர் முதுகில் ஒருவர் பழகினோம்.
தேர்வு வாரத்தில் மெரெடித்
என் விலாவைச் சுளுக்கவைத்து,
தும்மினால் உயிர்போகும்படி செய்துவிட்டு,
சாக்லேட் வாங்கித் தந்தாள்.

அழுத்தம் அளக்கும் மேசை
திரையில் கோடு வரையும்.
வேகம். பிறகு சட்டென்று நிறுத்து.
தள்ளுவதை ஒரு பருவத்தில் கற்றேன்.
நிறுத்துவதற்கு மூன்று பிடித்தது.

இப்போது பிராம்ப்டனில்
சமோசாக் கடைக்கும் வரிக்கணக்கு அலுவலகத்துக்கும் நடுவே
எட்டடி அறை.
வருகிறவர்கள் கேட்பது சத்தம்.
மூட்டுக்குள் ஒரு வாயுக்குமிழி, அவ்வளவே.
சொன்னால் நம்புவதில்லை.
அம்மாவும்தான்:
"இவ்வளவு கடன் வாங்கி
நெட்டி முறிக்கவா படித்தாய்?"

வியாழன் மாலை
பனிச்சேறு படிந்த பூட்ஸோடு குல்விந்தர் வந்தார்.
தண்டர் பே வரை லாரி ஓட்டுகிறவர்.
குப்புறப் படுத்து
"ஒரு தட்டு தட்டிவிடுங்கள், டாக்டர்ஜி" என்றார்.

வலி எப்போது?
ராத்திரி. படுத்தாலும்.
பெல்ட் இரண்டு துளை உள்ளே போய்விட்டதாம்;
அதை நல்ல செய்தியாகச் சொன்னார்.

உள்ளங்கை முள்ளெலும்பின் மேல் இருந்தது.
தோள், பழக்கத்தில்,
முன்னால் சாய்ந்தும் விட்டது.
எடுத்துவிட்டேன்.

அவருடைய குடும்ப மருத்துவருக்குப் போன் செய்தேன்.
கடிதம் எழுதினேன். நாளைக்கே போங்கள் என்றேன்.
பணம் வாங்கவில்லை.
கதவருகே நின்று
"சத்தமே வரலியே" என்றார்,
கடையில் எடை குறைந்தவர் மாதிரி.

வெளியே ஏதோ வண்டி பின்னால் வரும் பீப் பீப்.
மேசைக் காகிதத்தில்
அவர் மூச்சு விட்ட இடம் மட்டும்
ஈரமாய் இருந்தது.
கிழிக்காமல் நின்றேன்,
அடுத்தவர் மணியடிக்கும்வரை.