தொட்ட இடம்

அறிவியல் நகரில் இரவு பதினொன்றே முக்கால்.
கணினி அறையில் நான்,
இரண்டு பொன் முனைகள்,
நடுவில் ஒரு மூலக்கூறு.

பொன் என்றதும் புருவம் உயர்த்தாதீர்கள்.
முனைக்கு இருபத்தேழு அணு.
விற்றால் ஒரு பிளேன்ரீக்கும் காணாது.
இந்த ஐம்பத்து நாலு அணுவுக்காக
என் ஒன்றரைப் பவுண் சங்கிலி
கிளிநொச்சியில் ஈட்டில் கிடக்கிறது.
இந்த நினைவகமும்
கரண்ட் போனால் இருபது நிமிடம் தாங்கும் பற்றரியும்
அந்தக் காசில் வந்தவை.

நகை மதிப்பவர்
கறுத்தக் கல்லில் சங்கிலியை உரசினார்.
ஒரு கீறு, அதன்மேல் ஒரு துளி அமிலம்.
உலோகத்தின் தோலில் என்ன நடக்கிறதென்று
என்னைப் போலவே குனிந்து பார்த்தார்.
அரை நிமிடத்தில் துண்டு எழுதித் தந்தார்.
எனக்கு இது மூன்றாம் வருடம்.

தனியே நிற்கும் மூலக்கூறு கறாரானது.
அதன் படிகள் கம்பி மெல்லியவை.
இலத்திரன் இந்தப் படியில், இல்லையேல் அந்தப் படியில்;
இடையில் கால் வைக்க இடமில்லை.
உலோகத்துக்குப் படியே கிடையாது.
மார்கழி இரணைமடுபோல
ஒரு மட்டம்வரை தளும்பல்,
அதற்கு மேல் வெறுமை.

கந்தகம் பொன்னைத் தொடுகிறது.

கம்பியாய் இருந்த படி
கசிந்து அகலமாகிறது.
வந்த இலத்திரன் எவ்வளவு குறைவாய்த் தங்குமோ
அவ்வளவு அகலம்.
பொன்னும் சும்மா இருப்பதில்லை:
ஆளில்லை என்று வெளியே நீட்டிக் கிடந்த இலத்திரன்களை
மூலக்கூறு வந்து குந்தியதும்
உள்ளே ஒதுக்கிக்கொள்கிறது,
பரந்தனில் ஆள் ஏறப்
பக்கத்துச் சீற்றில் வைத்த பையை
மடிக்கு எடுப்பவர்போல.

இப்போது எது யாருடையது?
ஒரு முறையில் எண்ணினால்
கால் இலத்திரன் கைமாறியிருக்கிறது.
இன்னொரு முறையில் அதில் பாதியும் இல்லை.
நில அளவைக் கந்தோரில் வேலை செய்யும் யசோதரனிடம் சொன்னேன்.
"எல்லைக்கல்லை எங்கே நடுவாய்?" என்றான்.
நடமாட்டேன் என்றேன்.
"எங்கட கந்தோரில் அப்படி எழுதேலாது" என்று சிரித்தான்,
பிறகு சிரிக்கவில்லை.
அவன் மேசையில் காட்டுக்கும் ஊருக்கும் நடுவே
ஒரே காணிக்கு இரண்டு வரைபடம்.

நாற்பத்தோராம் சுற்று.
எண்கள் அடங்கி வருகின்றன:
பள்ளத்தை அண்டிய நீர்போல
முதலில் தாவி, பிறகு தயங்கி.
நாற்பத்திரண்டில்
கரண்ட் நின்றது.
பற்றரி கீச்சிட்டது.
அடர்த்தியை மட்டும் சேமித்துக்கொண்டு
இருட்டில் இருந்தேன்.
ஏ ஒன்பது றோட்டில் ஒரு லொறி
தன் வெளிச்சத்தைச் சுவரில் இழுத்துக்கொண்டு போயிற்று.

உள்ளதைச் சொன்னால், முடிந்தாலும் பிழைதான் வரும்.
அளந்தவர்கள் கண்ட மின்னோட்டத்தைப்போல
நூறு மடங்கு சொல்கிறது என் கணக்கு.
மூலக்கூறின் படியை
உலோகத்தின் மட்டத்துக்கு மிக அருகில்
வைத்துவிடுகிறது, ஒவ்வொரு தடவையும்.
அவ்வளவு எளிதாய் யாரும் யாரையும் கடப்பதில்லை.

டோர்ச்சோடு வந்தான் காவலுக்கு நிற்கும் றெஜினோல்ட்.
"முடிஞ்சுதே, மிஸ்?"
"இல்லை. கிட்ட வந்திட்டுது."
"கிட்ட வந்தால் நல்லதுதானே?"

"கிட்ட வந்ததுதான் பிழை" என்றேன்.
அவன் டோர்ச்சைத் தாழ்த்தி
யோசித்துக்கொண்டு நின்றான்.
பற்றரியில் இன்னும் ஒன்பது நிமிடம்.