நடுத்தர எடை

மேல் டிவிஷனிலிருந்து முச்சந்திக்கு
ஒன்றேகால் கிலோமீற்றர். இறக்கம்.
கடைசி பஸ் ஐந்தே முக்கால்.
நான் புறப்பட்டது ஐந்து பத்து.
கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பையில் மடிகணினி. அதற்குள்ளே
சின்ன மண்டலம் ஒன்று, மூன்று லட்சம் விண்மீன்கள்,
ஒரே ஒரு கருந்துளை,
சூரியனைப் போல் எண்பதாயிரம் மடங்கு.
சின்னது இல்லை. சின்னவை
செத்த ஒற்றை நட்சத்திரத்தின் மிச்சம்.
பெரியதும் இல்லை. பெரியவர்
நடுவில் உட்கார்ந்தால் எழும்பவே மாட்டார்.
இது இடையில் கிடப்பது,
இன்னும் நிரந்தரமாக்காத வேலையாள் மாதிரி.
ஓரத்தில் இதை இறக்கிவிட்டு
எப்போது நடுவுக்கு வந்து சேரும் என்று
பேராதனையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
இரண்டு வருடமாக.

மடுவத்தில் அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்து
ஆட்கள் கலைகிற நேரம்.
அந்த நேரத்தில் இறங்கியதுதான் பிழை.

"ஏய் சசிரேகா, கொழும்புக்கா?"
"கண்டிக்கு."
ஞானசீலி அக்கா தராசுப் பக்கமிருந்து திரும்பினாள்.
திரும்பி முடிப்பதற்குள் அவளைக் கடந்துவிட்டேன்.
அதுதான் விஷயம்.
யாரும் எதிரே வந்து மறிப்பதில்லை.
நான் போகிறேன், அவர்கள் ஓரடி என் பக்கம் சாய்கிறார்கள்,
வந்து சேரும்போது
நான் இருந்த இடத்தில் நிற்கிறார்கள்.
படங்கும் கூடையுமாக, ஈரக் காலோடு,
முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டம்.
கூட்டத்துக்கு எடை உண்டு.

"இந்தக் கடுதாசிய ஒருக்கா வாசிச்சிட்டுப் போ."
"போன்ல காசு விழுந்திருக்கான்னு பாரு."
"ஈபிஎஃப் படிவம் இது, முழுக்கச் சிங்களம்."
"கண்டியில என் மவன் நிக்கிற கடை தெரியுமா?"
தெரியாது.
தெரியாது என்று சொல்லி முடிக்க ஒரு நிமிடம்.

விண்மீன்களும் இப்படித்தான், பகை ஒன்றுமில்லாமல்.
கருந்துளையைப் பின்னுக்கு இழுப்பது
அது போகிற போக்கில் தானே எழுப்பிவிட்ட கூட்டம்.
உராய்வு என்று பேர் வைத்திருக்கிறோம்,
ஒன்றும் ஒன்றை உரசாத உராய்வு.
வேகம் குறையும். வட்டம் சிறுக்கும்.
சில நூறு கோடி வருடத்தில் நடுவுக்கு இறங்கிவிடும்.

வேகமாகப் போனால் இழுப்புக் குறைவு.
அதுவும் சமன்பாட்டில் இருக்கிறது.
ஓடியிருக்கலாம்.
சப்பாத்து புதிசு, படியெல்லாம் பாசி.

வளைவுக்கு அப்பால் பஸ் ஹோர்ன் அடித்தபோது
மருதைவீரன் அண்ணனின் படிவத்தில் இருந்தேன்.
அடையாள அட்டையில் ஒரு பேர்,
செக்ரோலில் இன்னொன்று.
"ரெண்டும் நான்தான்" என்கிறார்,
அதை எழுத அங்கே கட்டம் இல்லை.

இரவு லயத்தில் கரண்ட் இருந்தது.
கணினியைத் திறந்து ஒரே ஓர் எண்ணை மாற்றினேன்:
விண்மீன் அடர்த்தி, பத்தில் ஒன்று.
கருந்துளை நகர்ந்தது.
பின்னால் எதுவும் சேரவில்லை.
சாய்வதற்கு ஆள் போதாது.
ஐந்நூறு கோடி, ஆயிரம் கோடி,
பிரபஞ்சத்தின் வயசு தீரும்வரை ஓடவிட்டேன்.
ஓரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது
வேகம் குறையாமல், வெளிச்சம் இல்லாமல்.
இப்படி அலைவன நம் பால்வீதியிலும் இருக்கலாம்.
எத்தனை என்று ஒருவருக்கும் தெரியாது.
சின்னம்மா உள்ளேயிருந்து
"இன்னும் தூங்கலயா" என்றாள்.
மூடி வைத்தேன்.

முதல் பஸ் ஐந்து இருபது.
மடுவம் பூட்டிக் கிடந்தது. பனி.
பதினேழு நிமிடத்தில் முச்சந்தி.
ஒரு குரல் இல்லை.
தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்,
சீட்டுக்குக் காசு தேடிப் பையில் கைவிடும் வரை.
ஏழு படிவங்கள், நாலாக மடித்து.
எப்போது செருகினார்களோ.

கண்டியில் தொழில் கந்தோர் திறப்பது எட்டரைக்கு.
பேராசிரியர் வரச்சொன்னதும்
எட்டரைக்குத்தான்.