அறுபத்து மூன்று மில்லிமீட்டர்

சீட்டின் அகலம் அவ்வளவுதான்.
அதில் படத்துக்கு விட்ட இடம்
ஒரு தீப்பெட்டியை வைத்தால் மறைந்துவிடும்.
அதற்குள் ஒரு கடல்நாகம், மூன்று கப்பல்,
இடிந்த கலங்கரை விளக்கம் கேட்டார்கள்.
கொடுத்தேன்.
கப்பல் ஒன்றில் ஒருத்தன் தலை சீவிக்கொண்டிருக்கிறான்.
யாரும் பார்த்ததில்லை.

சாட்ஸ்வர்த், ஏழாம் யூனிட், மாடி அறை.
கீழே வாடகைக்கு இருக்கும் குபேந்திரன்
ஞாயிறு முழுக்கக் கார் கழுவுவான். பாட்டு அலறும்.
மேலே நான் பூதங்களுக்குப் பல் வைத்துக்கொண்டிருப்பேன்.
என்ன வேலை என்று கேட்பவர்களிடம்
டிசைனர் என்று சொல்லிவிடுவது.
கல்யாணப் பத்திரிகை போடச்சொல்லி வருவார்கள்.
காவடிக்கு ஒரு பேனர் செய்தேன்,
மயிலின் கழுத்து நன்றாக வந்தது.
அதே கழுத்தை அடுத்த வாரம்
பறக்கும் பாம்பு ஒன்றுக்கு வைத்தேன்.
முருகன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கைதான் கஷ்டம்.
எந்த அரக்கனுக்கும் என் இடது கைதான் மாதிரி,
வலது கையில் பேனா இருக்கிறதே.
கட்டைவிரலடியில் வடைச்சட்டி எண்ணெய் சுட்ட தழும்பு.
அதையும் வரைந்துவிடுவேன்.
செதில் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மெயில் இரவு இரண்டு மணிக்கு வரும். அங்கே பகல்.
கொம்பு இன்னும் பெரிதாக.
பயம் போதவில்லை.
வீராங்கனைக்குக் கவசம் குறைவாக.
முதல் இரண்டைச் செய்தேன்.
மூன்றாவதற்குப் பதில் எழுதினேன்:
வயிற்றில் குத்தினால் செத்துப்போவாளே.
கவசம் பிழைத்தது.
ஆறு மாதம் எனக்கு வேலை வரவில்லை.

கரண்ட் போன இரவுகளில்
யூபிஎஸ் குருவி மாதிரிக் கத்தும்: இருபது நிமிடம்.
அப்படி ஒரு இருபது நிமிடத்தில்
காடு ஒன்றை முடிக்க வேண்டியிருந்தது.
ஏழு மரம் வரைந்தேன், மிச்சத்தைப் பனியால் மூடினேன்.
மூடுபனிதான் எங்கள் தொழிலில் கைமாற்று.
'என்ன ஆழம்!' என்று பாராட்டி எழுதினார்கள்.

பிறகு அந்தத் துறைமுக நகரம்.
கேப் டவுன் கம்பெனி, வீடியோ கேம், மூன்று வருடம்.
நானூற்றுப் பதினொரு கதவு வரைந்தேன்.
எந்தக் கைப்பிடி எந்தப் பக்கம் தேயும்,
எந்தச் சந்தில் மழைத்தண்ணீர் தேங்கும்,
மீன்காரிகள் கத்தியை எந்தக் கல்லில் தீட்டுவார்கள்,
எல்லாம் தெரியும் எனக்கு.
ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு நிமிடப் பேச்சில்
நிறுத்திவிட்டார்கள்.
கதவுக்கு ஒரு நொடிகூட இல்லை,
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

யாருக்கும் காட்டமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
காட்டவில்லை.
ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் நெரிசலில் நிற்கும்போது
சில நாள்
அங்கே இடது பக்கம் திரும்பி
உப்புக் கிடங்குக்குப் போகிறேன்.
இதுவும் ஒப்பந்த மீறலா தெரியாது.

போன சனிக்கிழமை ஓவர்போர்ட்டில்
பிரிண்டருக்கு மை வாங்கப் போனேன்.
பக்கத்துக் கடையில் சீட்டுப் போட்டி.
மடக்கு மேசைகள், சிப்ஸ் வாசனை,
இருபது பையன்கள், இரண்டு பெண்கள்.
சானேலே என்று சட்டையில் பெயர் ஒட்டிய ஒருவன்
என் சதுப்புநில அரக்கனை வைத்திருந்தான்.
மட்டமான சீட்டு அது. எனக்கே தெரியும்.
அவசரத்தில் வரைந்தது, முழங்கால் தப்பு.
மூலையில் என் பெயர்,
எஸ். கோவெண்டர், எறும்புக் கால் அளவில்.

தோற்றுக்கொண்டிருந்தான்.
சீட்டைக் கீழே வைக்கும் முன்
அரக்கனின் கையை, சரியாகக் கட்டைவிரலடியில்,
விரல் நுனியால் இரண்டு முறை தட்டினான்.
ராசிக்கு, போல.
பிளாஸ்டிக் உறை அந்த இடத்தில் மங்கியிருந்தது.

நான் என் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

'ஆண்ட்டி, இந்த நாற்காலி யாருக்காவதா?' என்று கேட்டான் ஒருவன்.
இல்லை, எடுத்துக்கொள் என்றேன்.
சானேலே அந்த ஆட்டத்திலும் தோற்றான்.